பாலக்காட்டு எல்லையிலிருந்து ஐஐஎம் வரை: பிளஸ் டூ முடித்ததும் நிர்வாகப் படிப்பில் சேர என்ன செய்ய வேண்டும்

பிளஸ் டூ முடித்த கையோடு ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்களில் சேர வழி உண்டு. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும், அந்தப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலைப் பிள்ளைகளுக்கும் இது தெரியவரும்போது விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும். பொதுத்தேர்வு மார்ச்சில். விண்ணப்பங்கள் திறப்பது பிப்ரவரியில். வீட்டில் எல்லாரும் மாடல் பரீட்சையில் மூழ்கிக் கிடக்கும் நேரம் அது.

இந்தூர் ஐஐஎம் 2011இல் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த நிர்வாகப் படிப்பைத் தொடங்கியது. ஐபிஎம் என்பார்கள். முதல் மூன்று ஆண்டு இளநிலை, அடுத்த இரண்டு ஆண்டு எம்பிஏ. மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறவும் வழி உண்டு. அதற்கான நுழைவுத்தேர்வுதான் ஐபிமேட். ராஞ்சி ஐஐஎம் போன்ற சில இடங்களும் இந்தூர் மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்கின்றன. ரோத்தக் ஐஐஎம் தனியாக ஓர் ஐபிமேட் நடத்துகிறது. பெயர் ஒன்றுதான், தேர்வும் விண்ணப்பமும் கட்டணமும் வேறு. ஒன்றுக்குப் போட்டுவிட்டு இரண்டுக்கும் போட்டதாக நினைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. போத்கயா, ஜம்மு ஐஐஎம்களுக்கு ஜிப்மேட். அதை நடத்துவது தேசியத் தேர்வு முகமையான என்டிஏ. கோழிக்கோடு ஐஐஎம் 2025இல் தன் கொச்சி வளாகத்தில் நான்காண்டு பிஎம்எஸ் (நிர்வாக இளநிலைப் படிப்பு) தொடங்கியிருக்கிறது, அதற்கும் தனித் தேர்வு. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி, பிஎம்எஸ் படிப்புக்குப் பேர்போன சுக்தேவ் கல்லூரி ஆகியவற்றுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வான கியூட். கியூட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதலாம். ஐபிமேட் ஆங்கிலத்தில் மட்டும்தான்.

பிளஸ் ஒன்னில் எடுக்கும் பாடம்

விண்ணப்பம் உண்மையில் தொடங்குவது பத்தாம் வகுப்பு முடிந்து பாடப்பிரிவு எழுதிக் கொடுக்கும் நாளில். கேரளத்தில் காமர்ஸ் எடுத்தால் நான்காவது பாடமாகக் கணிதமோ கம்ப்யூட்டர் அப்ளிகேஷனோ வரும், சில பள்ளிகளில் புள்ளியியலும் உண்டு. தமிழ்நாட்டில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த பாடம் ஒருபுறம், கணினிப் பயன்பாடு மறுபுறம். கம்ப்யூட்டரில் மார்க் சுலபமாக வரும் என்று அந்தப் பக்கம் சாய்பவர்கள் அதிகம்.

அப்படிச் சாய்ந்தால் மூடும் கதவுகள் எவை, திறந்தே இருப்பவை எவை என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இந்தூர் ஐபிஎம் எந்தப் பிரிவு படித்தவரையும் ஏற்கும், பிளஸ் டூவில் கணிதம் கட்டாயமில்லை. ஆனால் தேர்வில் பாதி கணிதம். டெல்லியில் பிஎம்எஸ் வேண்டுமென்றால் கியூட்டில் ஒரு மொழி, கணிதம் அல்லது பயன்பாட்டுக் கணிதம், பொது அறிவுத்திறன் தாள் மூன்றும் எழுத வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகம் பிளஸ் டூவில் படித்த பாடத்தையே கியூட்டிலும் எதிர்பார்க்கிறது. எனவே கணிதம் எடுக்காதவருக்கு பிஎம்எஸ் கிடையாது. பி.காம் ஆனர்சுக்கு மட்டும் கணிதத்துக்குப் பதில் கணக்குப்பதிவியலை வைத்துப் போகலாம். இதைச் சொல்லாமல் விடும் பயிற்சி மையங்கள் நிறைய. எங்கள் கருத்து: பிஸினஸ் பக்கம் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், பத்து மார்க் குறைந்தாலும் பரவாயில்லை, கணிதத்தை விடாதீர்கள்.

பத்திலும் பன்னிரண்டிலும் 60 சதவீதம் என்பது இந்தூரில் வாசலைத் தாண்டுவதற்கான மதிப்பெண். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 55. வயது வரம்பும் உண்டு, பொதுப் பிரிவினருக்கு ஏறக்குறைய 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான பிறந்த தேதி வரம்பு அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். ரோத்தக்கிலும் ஜிப்மேட் வழியிலும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்கள் இறுதித் தரவரிசையிலேயே கணக்கில் சேரும்.

கேரளப் பிள்ளைகளுக்கு இங்கேதான் ஒரு சிக்கல். எஸ்எஸ்எல்சி சான்றிதழில் இருப்பது மார்க் இல்லை, கிரேடு. ஏ பிளஸ் என்றால் 90க்கு மேல், ஏ என்றால் 80க்கு மேல். படிவமோ சதவீதம் கேட்கும். சொந்தமாகக் கணக்குப் போட்டு 95 என்று எழுதிவிட்டால், சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வீர்கள். கிரேடை எப்படி மாற்ற வேண்டும் என்று அறிவிப்பில் ஒரு பத்தி இருக்கும், அதன்படி மட்டும் எழுதுங்கள். மார்க் விவரம்தான் வேண்டும் என்று கேட்டால் அதைத் தர வேண்டியது திருவனந்தபுரத்தில் உள்ள தேர்வு அலுவலகமான பரீட்சா பவன். அங்கே எழுதிக் கேட்டு வருவதற்கு நாளாகும், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சான்றிதழ்கள்: பாதிப் பேர் விழும் பள்ளம்

ஐஐஎம்களில் ஓபிசிக்கு (இதர பிற்படுத்தப்பட்டோர்) 27 சதவீதம், எஸ்சிக்கு 15, எஸ்டிக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு 10. ஓபிசி இடங்களுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் செல்லாது. தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி அட்டையை அப்படியே ஏற்றிவிட்டு ‘என் பெயர் ஏன் பொதுப் பிரிவில் வந்தது’ என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டியது மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று தாசில்தார் தரும் ஓபிசி சான்றிதழ். கேரளத்தில் அக்ஷயா சென்டர் வழியாகவும், தமிழ்நாட்டில் இ-சேவை மையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். ‘மத்திய அரசுக் கல்வி நிறுவனத்துக்கு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மாநிலப் படிவத்தைத் தட்டிவிடுவார்கள்.

எல்லைக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மத்திய ஓபிசி பட்டியல் மாநிலவாரியாகப் போடப்பட்டது. ஒரே சாதி தமிழ்நாட்டுப் பட்டியலில் இருந்து கேரளப் பட்டியலில் இல்லாமல் போகலாம், வேறு பெயரிலும் இருக்கலாம். அப்பாவின் சொந்த ஊர் உடுமலை, பிள்ளை பிறந்து வளர்ந்தது வண்டித்தாவளம் என்றால், எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி வில்லேஜ் ஆபீஸிலேயே எழும். வேறு மாநிலத்திலிருந்து குடிவந்தவர்களின் பிள்ளைகளுக்கு, அப்பாவின் மூலச் சான்றிதழை வைத்து, மூல மாநிலத்தைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் தர மத்திய விதியில் இடம் இருக்கிறது. அதற்கு அப்பாவின் பழைய சாதிச் சான்றிதழோ பள்ளிப் பதிவோ கையில் வேண்டும். இரண்டு தாலுகா அலுவலகத்துக்கும் நடக்க வேண்டியிருக்கும். டிசம்பரிலேயே தொடங்குங்கள்.

மாநிலப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோராக இருந்து, மத்திய ஓபிசி, எஸ்சி, எஸ்டி பட்டியல் எதிலும் இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், விவசாய நிலம் 5 ஏக்கருக்குள், மற்றச் சொத்து வரம்புகளும் பொருந்தினால் பொருளாதார நலிவுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். தென்னந்தோப்பு வைத்திருப்போர் அந்த 5 ஏக்கரைக் கவனியுங்கள். வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், குடும்பத்தின் மொத்த நிலம் 5 ஏக்கரைத் தொட்டால் தகுதி போய்விடும்.

இன்னொன்று, தேதி. ஓபிசி, பொருளாதார நலிவுச் சான்றிதழ்கள் பெரும்பாலும் அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்பார்கள். பிப்ரவரியில் பழையதை வைத்து விண்ணப்பித்தாலும், ஏப்ரல் முதல் வாரம் புதியதற்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். நேர்காணல் அழைப்பு வந்த பிறகு ஓடினால், அந்த வாரம் பார்த்து தாசில்தார் லீவில் இருப்பார்.

பெயரும் இன்ஷியலும்

தமிழ்நாட்டில் இன்ஷியல் முன்னால், கேரளத்தில் பெரும்பாலும் பின்னால். அப்பா பெயரின் முதலெழுத்தோடு வீட்டுப் பெயரின் எழுத்தும் சேர்ந்து வருவது கேரள வழக்கம். பள்ளி மாறிய பிள்ளையின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திகா எம்’, ஆதாரில் ‘எம் கார்த்திகா’, வங்கிக் கணக்கில் ‘கார்த்திகா முருகேசன்’ என்று மூன்று ஆள் இருப்பார்கள். நுழைவுத்தேர்வுகளுக்கு அடிப்படை பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான். அதில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே படிவத்தில் எழுதுங்கள். குடும்பப் பெயர் என்று தனிக் கட்டம் கட்டாயமாக வந்தால், சான்றிதழில் உள்ள இன்ஷியலை மட்டும் அங்கே போடுங்கள், விரித்து எழுதாதீர்கள். ஆதாரை இதற்கேற்ப மாற்ற வேண்டுமானால் நவம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

படிவத்தை அக்ஷயாவிலோ நெட் சென்டரிலோ நிரப்பினால் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். அவசரத்துக்குக் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவார். மே மாதம் ஹால் டிக்கெட் செய்தி அவருக்குப் போகும், அவரும் நூறு பிள்ளைகளுக்கு நடுவில் மறந்துவிடுவார். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வையுங்கள். பணம் கட்டிய ரசீதையும் முடிந்த படிவத்தையும் அன்றே பிடிஎஃப் ஆக எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கழிந்து படிவம் நிறைவேறாமல் நின்றால், உடனே இரண்டாம் முறை கட்டாமல் ஒரு நாள் பொறுத்து நிலையைப் பாருங்கள்.

தேர்வு மையத்துக்கு கோவை பட்டியலில் இருந்தால் அதை முதலாவதாகவும், கொச்சியை இரண்டாவதாகவும் கொடுப்பது இந்தப் பகுதிக்கு வசதி. பாலக்காட்டிலிருந்து கோவை சுமார் 55 கிலோமீட்டர்தான் என்றாலும், காலைத் தேர்வென்றால் வாளையார் வழியில் கடைசி நேரப் பஸ்ஸை நம்பாதீர்கள். முந்தின நாளே போய் உறவினர் வீட்டில் தங்குவது உத்தமம்.

தேர்வு எப்படி இருக்கும்

இந்தூர் ஐபிமேட் மொத்தம் 2 மணி நேரம், மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். அண்மை ஆண்டுகளில் கணிதத்தில் விடை தேர்ந்தெடுக்கும் கேள்வி 30, விடையைத் தட்டச்சு செய்யும் கேள்வி 15, ஆங்கிலம் 45. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவு இல்லை. ஒரு பகுதியின் 40 நிமிடம் முடிந்தால் திரும்பிப் போக முடியாது. கால்குலேட்டரும் கிடையாது.

முக்கியமான சங்கதி: மூன்று பகுதிக்கும் தனித்தனிக் கட்-ஆஃப். மொத்தத்தில் மேலே இருந்தும் ஒரு பகுதியில் விழுந்தால் பெயர் வராது. கணிதத்தில் கெட்டியான பிள்ளைகள் ஆங்கிலத்தில் போவதும், காமர்ஸ் பிள்ளைகள் தட்டச்சுப் பகுதியில் போவதும் இதனால்தான். அந்தப் பதினைந்தில் நான்கைந்து சரியாக வந்தாலே நிலைமை மாறும். கழிவு இல்லாததால் ஒன்றைக்கூட வெறுமையாக விடக் கூடாது. நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது மீதிக் கட்டங்களில் 0, 1, 2 என்று ஏதாவது சிறு எண்ணைத் தட்டி வையுங்கள்.

விடை தேர்ந்தெடுக்கும் பகுதியில் கணக்கு வேறு. நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நாலு முறைக்கு ஒருமுறை 4 கிடைக்கும், மூன்று முறை 1 கழியும். சராசரியாகக் கேள்விக்குக் கால் மார்க். இதற்காக நேரம் செலவழிப்பது வீண். ஒரு விடை நிச்சயம் தவறு என்று தள்ளிவிட முடிந்தால் சராசரி முக்கால் மார்க்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். இரண்டைத் தள்ள முடிந்தால் ஒன்றரை. ஆகவே விதி: எதையும் தள்ள முடியாவிட்டால் விடுங்கள், இரண்டைத் தள்ள முடிந்தால் கட்டாயம் போடுங்கள்.

ரோத்தக்கில் 120 கேள்வி, 120 நிமிடம். கணிதம், தர்க்கம், ஆங்கிலம் மூன்றிலும் 40. இங்கே வேகம்தான் எல்லாம். ஜிப்மேட்டில் 100 கேள்விக்கு இரண்டரை மணி நேரம், நேர்காணலும் இல்லை. பேசத் தயங்கும் பிள்ளைக்கு ஜிப்மேட் நல்ல வாய்ப்பு, அதைத் தவற விடாதீர்கள். கியூட்டில் ஒரு தாளுக்கு 50 கேள்வி, 60 நிமிடம், சரிக்கு 5, தவறுக்கு 1 கழிவு.

படிப்பது

கணிதத்தில் பிளஸ் ஒன் பாடம்தான் முதுகெலும்பு. மடக்கை, கணங்கள், சார்புகள், இருபடிச் சமன்பாடு, அசமன்பாடு, தொடர்வரிசை, வரிசைமாற்றமும் சேர்மானமும், நிகழ்தகவு, இவற்றோடு பிளஸ் டூவின் அணிகளும் அணிக்கோவைகளும். நுண்கணிதத்தில் மூழ்க வேண்டியதில்லை. கணிதம் எடுக்காத காமர்ஸ் பிள்ளை என்சிஇஆர்டி பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களை எடுத்து, தினமும் ஒன்றரை மணி நேரம் வீதம் ஜூனில் தொடங்கினால் டிசம்பருக்குள் இவ்வளவையும் முடிக்கலாம். சதவீதம், லாப நட்டம், விகிதம் போன்றவை பத்தாம் வகுப்போடு மறந்திருக்கும், அவற்றை வாய்க்கணக்காகவே போடப் பழகுங்கள். 30 வரை வர்க்கம், 15 வரை கனம் மனப்பாடமாக இருக்கட்டும்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, தமிழ் மீடியம், மலையாள மீடியம் பிள்ளைகள் இலக்கணப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அதில் கிடைப்பது சில மார்க். பெரிய பங்கு, பத்தியைப் படித்து விடை சொல்வதிலும் கலைத்துப்போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்துவதிலும் இருக்கிறது. தினமும் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கம் ஒன்றைப் படித்து, ‘எழுதியவர் எதை ஒப்புக்கொள்கிறார், எதை மறுக்கிறார்’ என்று இரண்டு வரி தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுத வரவில்லை என்றால் கட்டுரை புரியவில்லை என்று அர்த்தம். வரிசைப்படுத்தும் கேள்விக்கு, ‘அவர்’, ‘இது’, ‘ஆனால்’ போன்ற சொற்களில் தொடங்கும் வாக்கியம் முதலில் வராது என்று பிடித்துத் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

பொதுத்தேர்வு முடிந்ததும் வாரம் இரண்டு மாதிரித் தேர்வு போதும். தேர்வு எழுதிய நேரத்தைவிட அதைப் பிரித்துப் பார்க்கும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் எதிரில் ‘தெரியாது’, ‘தெரியும், கைதவறியது’, ‘நேரம் போதவில்லை’ என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். இரண்டாவது வகைதான் பெரும்பாலும் மிகுந்திருக்கும். கேள்வியை முழுதும் படிக்காமல் விடைக்குப் பாய்வதே அதன் காரணம்.

நேர்காணல்

‘இந்த வயதில் ஏன் நிர்வாகப் படிப்பு’ என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். ‘தலைமைப் பண்பு’ என்று தொடங்கும் மனப்பாட விடையைக் குழு ஏற்கெனவே பல பேரிடம் கேட்டிருக்கும். ஊரைப் பற்றிய கேள்விதான் நமக்குச் சாதகமான இடம், அதைத்தான் யாரும் தயார் செய்வதில்லை.

அப்பாவுக்குக் கொப்பரை வியாபாரம் என்று வையுங்கள். ‘தேங்காய் பிசினஸ் செய்கிறார்’ என்று நிறுத்திவிட்டால் அடுத்த கேள்வி வேறெங்கோ போகும். மாறாக இப்படிச் சொல்லலாம்: ஆயிரம் காய் உடைத்தால் ஏறக்குறைய 140, 150 கிலோ கொப்பரை தேறும். கொப்பரையில் அறுபது சதவீதத்துக்கு மேல் எண்ணெய். காயின் விலை ஏறி எண்ணெயின் விலை ஏறாத மாதத்தில் உடைப்பவருக்கு நட்டம், அப்போது காயாகவே விற்பார்கள். மழை பிடித்தால் காய வைக்க முடியாது, பூஞ்சை விழுந்தால் விலை இறங்கும். இதில் கொள்முதல், கழிவு, இருப்பு, இடர் எல்லாம் வந்துவிட்டன. குழு தானாகவே உங்கள் களத்துக்கு இறங்கி வரும். அப்பாவிடம் ஒரு மாலை உட்கார்ந்து உண்மையான எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கற்பனை எண்ணைச் சொன்னால் இரண்டாவது கேள்வியில் பிடிபடும்.

பாலக்காடு என்றதும் பிளாச்சிமடை பற்றிய கேள்வி வரலாம். அங்கிருந்த கோகோ கோலா ஆலை 2000இல் தொடங்கி, நிலத்தடி நீர் தொடர்பான போராட்டத்துக்குப் பின் 2004இல் நின்றது. அந்த ஊர் அடங்கிய பெருமாட்டி பஞ்சாயத்தின் நிலைப்பாடு, ஆலையின் வாதம் இரண்டையும் நிதானமாகச் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பேசினால் மறுபக்கத்தைக் கேட்டு மடக்குவார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு நீர்ப்பங்கீடு, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வாளையார் வணிகவரிச் சோதனைச்சாவடி போனது, அதனால் லாரிக்காரர்களுக்கு என்ன மாறியது, இவையும் கையில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் தடுமாறினால் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். கணிதத்தில் ஒரு கேள்வி கேட்டுத் தாளைக் கொடுப்பார்கள், வழியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள்.

பணமும் பழைய கல்லூரியும்

இந்தூரில் ஐந்து ஆண்டுக்கும் சேர்த்துச் செலவு 30 லட்சத்தைத் தாண்டும். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் குறைவாக இருக்கும் என்று எண்ணி வந்தவர்கள் இங்கே திகைக்கிறார்கள். தமிழ்நாட்டின் முதல் பட்டதாரிச் சலுகை ஐஐஎம்முக்குப் பொருந்தாது. 2024இல் அறிவித்த பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்குச் சொத்து ஈடும் ஜாமீனும் இல்லாமல் கல்விக்கடன் பெறலாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து வேறு அரசு உதவித்தொகை எதுவும் பெறாதவருக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் கிடைக்க வாய்ப்புண்டு. முடிவு வருமுன்பே குடும்பக் கணக்கு உள்ள கிளையில் போய்ப் பேசி, என்னென்ன காகிதம் என்று பட்டியல் வாங்கிவிடுங்கள். சேர்க்கைக் கடிதம் வந்தபின் முதல் தவணை கட்டக் கிடைக்கும் நாள்கள் கொஞ்சம்தான்.

கோவையிலோ பாலக்காட்டிலோ பி.காம் இடம் கிடைத்தால் ஜூனிலேயே சேர்ந்துவிடுங்கள். ஐஐஎம் முடிவும் காத்திருப்புப் பட்டியலும் அதன் பிறகுகூட நகரும். சேரும் கல்லூரி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்க யுஜிசி கடைசித் தேதி அறிவிக்கும், அதற்குள் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். டிசி (மாற்றுச் சான்றிதழ்) மட்டும் அசலாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதைத் திரும்ப வாங்க இரண்டு மூன்று வேலை நாள் ஆகும். ஓணம் லீவு குறுக்கே வந்தால் ஒரு வாரம் போய்விடும். எல்லாவற்றுக்கும் கையொப்பமிட்ட நகல் ஐந்து செட் எடுத்து வைத்த பிறகே அசலைக் கையை விட்டுக் கொடுங்கள்.